சின்ன டிராக்டரில் கனமான கருவியைத் தனியாளாகச் சுலபமாக மாட்டுவது எப்படி?

25 எச்.பி. டிராக்டர், 300 கிலோ ரோட்டாவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி), ஒவ்வொரு முறை மாட்டவும் முக்கால் மணி நேரம் ஆகிறது, முதுகு விட்டுப்போகிறது, ஏதாவது வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரைக் கேட்டாலும் இதற்கு ஒரே பதில்தான் வரும்: "கூட ஒரு ஆளை வைத்துக்கொள். ஒருத்தர் சீட்டில் உட்காரட்டும், ஒருத்தர் பின்னால் நின்று இரும்புப் பின் போடட்டும். ஐந்து நிமிட வேலை."

தயவுசெய்து அந்தப் பதிலைக் கேட்காதீர்கள். அதைக் கேட்டுத்தான் என் வலது கை ஆள்காட்டி விரலின் நுனி போனது.

ஏழு வருடம் ஆகிறது. டிராக்டரின் பின்னால் கருவியைப் பிடிக்கிற மூன்று இரும்புக் கைகள்தான் லிங்க். கீழே இரண்டு லிங்க்கும் மாட்டியாகிவிட்டது. மேலே நடுவில் இருக்கும் டாப் லிங்க் மட்டும் பாக்கி. சீட்டில் என் தம்பி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. ரோட்டாவேட்டர் மேல் கொம்பில் இரண்டு தகடு இருக்கும் இல்லையா, அந்த இரண்டுக்கும் நடுவில் டாப் லிங்க்கின் குண்டு (நுனியில் ஓட்டையோடு இருக்கும் உருண்டை) நுழைந்துவிட்டது. மூன்று ஓட்டையும் ஒரே நேராக வந்தால்தான் பின் இறங்கும். கண்ணால் பார்த்தால் தெரியவில்லை. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன். அரைக்கால் அங்குலம் தட்டியது. "கொஞ்சம்..." என்றேன். "கொஞ்சம் இரு" என்று சொல்ல வந்தேன். அவனுக்கு எஞ்சின் சத்தத்தில் "கொஞ்சம் தூக்கு" என்று கேட்டிருக்கிறது. கருவியைத் தூக்கும் லிவரை ஒரு நூல் அசைத்தான். தகட்டு ஓட்டை மேலே போனது, குண்டின் ஓட்டை அங்கேயே நின்றது. கத்தரிக்கோல் மாதிரிதான். "போதுமாக்கா?" என்று அவன் திரும்பிக் கேட்டபோது எனக்கு வலி கூட இன்னும் வரவில்லை.

அவன்மேல் தப்பு இல்லை. இதை நான் பல தடவை அவனிடம் சொல்லிவிட்டேன், இன்றுவரை அவன் அந்த லிவரைத் தொடுவதில்லை. தப்பு அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. பின்னால் நிற்பவருக்குத் தெரிவது சீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. நடுவில் எஞ்சின் சத்தம். கருவிக்கும் டிராக்டருக்கும் நடுவில் ஒரு உடம்பு. இதை எழுதினால் "நாங்கள் இருபது வருடமாக அப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்று சிலர் வருவார்கள். ஆகாமல் இருந்ததற்குச் சந்தோஷம். எனக்கு ஆனது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குப் பிறகு நான் தனியாகத்தான் மாட்டுகிறேன். எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டுதான் பின்னால் போவேன். சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் ஏறி இறங்கியே நேரம் போய்விடும் என்று முதலில் எனக்கும் தோன்றியது. இப்போது பத்து நிமிடத்துக்குள் முடிகிறது. நான் அப்படி ஒன்றும் பலசாலி இல்லை. என் எடையைப் போல ஐந்தரை மடங்கு அந்த ரோட்டாவேட்டர்.

எப்படி என்றால், மாட்டும் வேலையின் முக்கால்வாசியைக் கழற்றும் அன்றைக்கே முடித்துவிட வேண்டும். உங்கள் ரோட்டாவேட்டர் இப்போது எப்படி நிற்கிறது என்று நான் சொல்லட்டுமா? போன முறை வேலை முடிந்த அசதியில் கிடைத்த இடத்தில் இறக்கி, பின்னைச் சம்மட்டியால் தட்டிக் கழற்றிவிட்டு வந்திருப்பீர்கள். கத்தி ஒரு பக்கம் மண்ணில் இறங்கியிருக்கும், மேல் கொம்பு சாய்ந்திருக்கும். நானும் அப்படித்தான் போட்டு வைத்திருந்தேன். அப்படிச் சாய்ந்து நிற்கிற இரும்பைத்தான் அடுத்த முறை கடப்பாரையோடு நிமிர்த்தப் போராடுகிறோம்.

கழற்றும் இடம் கெட்டித் தரையாக, சமமாக இருக்க வேண்டும். கத்திக்குக் கீழே இரண்டு தடித்த மரக்கட்டை. அதன்மேல் மெதுவாக இறக்குங்கள். இறக்கியதும் எஞ்சினை நிறுத்தி, டாப் லிங்க்கைத் திருகித் தளர்த்துங்கள். எதுவரை தெரியுமா? பின்னை ஒரு விரலால் தள்ளினால் வெளியே வரும்வரை. இதுதான் நான் கற்றுக்கொண்டதிலேயே பெரிய பாடம். சம்மட்டி கேட்கிற பின்னில் எங்கேயோ பாரம் நிற்கிறது என்று அர்த்தம். அதைத் தட்டிக் கழற்றினால், பாரம் விடுபட்ட கருவி ஒரு பக்கம் குதிக்கும், குதித்து எங்கே நிற்கிறதோ அந்தக் கோணலில்தான் அடுத்த முறை உங்களுக்குக் காத்திருக்கும். பாரமே இல்லாமல் பின் வந்தால், கருவி இம்மி அசையாமல் இருந்த இடத்திலேயே நிற்கும். கழற்றுகிற வரிசை: டாப் லிங்க், அப்புறம் பிடிஓ ஷாப்ட் (எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் தண்டு), அப்புறம் வலது லிங்க், கடைசியில் இடது. ரோட்டாவேட்டருக்கு ஸ்டாண்டு கால் இருந்தால் டாப் லிங்க்கைத் தொடுவதற்கு முன்பே இறக்கிப் பின் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் முன்னால் சாயாமல் இன்னொரு கட்டை கொடுங்கள்.

டாப் லிங்க் எந்த நீளத்தில் இருந்தபோது வேலை சரியாக நடந்ததோ, அந்த இடத்தில் மரையில் கொஞ்சம் பெயின்ட் தொட்டு வைத்துவிட்டேன். கொம்பின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடும், டிராக்டரின் பின்பக்க நடுவில் இன்னொரு கோடும் போட்டிருக்கிறேன். பின்னால் எடுக்கும்போது திரும்பிப் பார்த்து இரண்டு கோட்டையும் ஒன்றாக்கினால் போதும். டிராக்டர் நேராக வந்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

மாட்டும்போது முதலில், கீழ் லிங்க்குகள் ஆடாமல் பிடிக்கும் பக்கவாட்டுச் செயின்களைத் தளர்த்திவிடுங்கள். செயின் இறுக்கமாக இருந்தால் லிங்க் விரியாது. மிகக் குறைந்த கியரில் பின்னால் வந்து, லிங்க்கின் குண்டு கருவியின் பின்னுக்கு நேராக வந்ததும் நிறுத்தி இறங்குங்கள். முதலில் இடது, பிறகு வலது. காரணம் இருக்கிறது. பெரும்பாலான டிராக்டர்களில் இடது பக்கத் தூக்கு ராடு (கீழ் லிங்க்கைத் தூக்கும் கம்பி) நீளம் மாறாது. வலது பக்கத்தில்தான் கைப்பிடி வைத்து ஏற்றி இறக்கும் வசதி உண்டு. மாறாத பக்கத்தை முதலில் போட்டுவிட்டு, மாறுகிற பக்கத்தை அதற்கு ஏற்ப நகர்த்துகிறோம். தலைகீழாகச் செய்துவிட்டுக் கருவியையே நகர்த்தப் பார்ப்பதில்தான் முதுகு போகிறது. இன்னொன்று, ஹைட்ராலிக்குக்கு இரண்டு லிவர் இருந்தால் கருவியின் உயரத்தைப் பிடிக்கும் பொசிஷன் லிவரை மட்டும் பயன்படுத்துங்கள். இழுவைப் பாரத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கும் டிராப்ட் லிவரை வைத்து உயரம் பிடிக்கப் போனால் நாம் நினைத்த இடத்தில் நிற்காது.

அப்படியும் ஓர் அங்குலம் தட்டினால் கடப்பாரை எடுக்கலாம், ஆனால் கணக்கோடு. ஒன்றரை மீட்டர் கடப்பாரை, நுனியிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு கெட்டிக் கட்டை. பதினான்கு மடங்கு பலம் கிடைக்கும். 300 கிலோவில் ஒரு முனையை மட்டும்தானே தூக்குகிறோம், 150 கிலோ. கையால் அழுத்த வேண்டியது கிட்டத்தட்ட 11 கிலோ. கட்டையை அரை அடி தள்ளி வைத்துவிட்டு "பலம் போதவில்லை" என்று இன்னொரு ஆளைக் கூப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு லிங்க்கும் ஏறிய பிறகு நான் டாப் லிங்க்குக்கு முன்பே பிடிஓ ஷாப்டைச் செருகிவிடுவேன். சின்ன டிராக்டரில் அந்த இடம் குறுகல், டாப் லிங்க் வந்துவிட்டால் கை நுழையாது. ஆறு பல் ஷாப்ட், பிடிஓ நியூட்ரலில் இருந்தால் டிராக்டர் பக்கத்து முனை பெரும்பாலும் கையால் திரும்பும், பல் சேர்ந்ததும் பூட்டு விழுகிற சத்தம் கேட்கும். கேட்ட பிறகு ஒருமுறை இழுத்தும் பாருங்கள். முதல் முறை மாட்டும் கருவி என்றால் ஷாப்டின் நீளத்தையும் பாருங்கள். தூக்கி இறக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று முட்டக் கூடாது, கழன்றும் வந்துவிடக் கூடாது. கடைசியில் டாப் லிங்க், செயின் இறுக்கம், லிஞ்ச் பின் (பெரிய பின் கழன்று வராமல் பூட்டும் சின்ன வளையப் பின்).

லிஞ்ச் பின் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததுதான். கருவியை இரவல் வாங்கிப் போகிறவர்கள் ஏன் பின்னைத் திருப்பித் தருவதில்லை? கல்டிவேட்டரை ஒருவருக்குக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது ஒரு பின்னுக்குப் பதில் வளைந்த போல்ட், லிஞ்ச் பின் இருந்த இடத்தில் கட்டுக்கம்பி. கேட்டதற்கு "அதுவும் நிற்கும்" என்றார். நிற்காது. கட்டுக்கம்பி அறுந்து லிங்க் கழன்றால் ஒரு பக்கமாகத் தொங்குகிற இரும்பு டயரில் வந்து அடிக்கும். அவ்வளவு பெரிய கருவியை நம்பிக் கொடுக்கிறோம், ஒரு விரல் நீளப் பின்னை நினைவாகத் திருப்பிக் கொண்டுவரக் கூடாதா? இப்போது நான் கருவியை மட்டும்தான் கொடுக்கிறேன், பின் எல்லாம் என் டப்பாவில். கஞ்சத்தனம் என்று பேசுகிறார்கள், பேசட்டும்.

குயிக் ஹிட்ச் (லிங்க்குகளில் மாட்டி வைக்கும் கொக்கிச் சட்டம்) வாங்கினால் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அதற்கு நான் விரோதி இல்லை. கருவியை அடிக்கடி மாற்றுகிறவருக்கு அது நல்ல சாமான், பின்னால் வந்து தூக்கினால் மூன்று புள்ளியும் கொக்கியில் விழுந்துவிடும். ஆனால் அது கருவியைச் சுமார் 10 செ.மீ. பின்னால் தள்ளுகிறது, தன் எடையையும் சேர்க்கிறது. பிடிஓ ஷாப்ட் நீளம் போதாமல் போகலாம். சின்ன டிராக்டரில் கருவி பின்னால் போகப் போகத் தூக்கும் பலம் குறையும், முன்பக்கமும் லேசாகும். டிராக்டரின் சொந்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. தூக்கியதும் ஸ்டியரிங் காற்றில் திரும்புவது போல இருந்தால் முன்னால் வெயிட் போடாமல் நகராதீர்கள். உங்களுக்கு ஒரே ரோட்டாவேட்டர்தான் என்றால் முதலில் மரக்கட்டையையும் பெயின்ட்டையும் முயன்று பாருங்கள்.

பின் சில நேரம் லொடலொடவென்று ஆடுகிறது, சில நேரம் நுழையவே மாட்டேன் என்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அதை அளந்து பாருங்கள். லிங்க், பின் அளவுகளுக்குக் கேட்டகிரி என்று வகை உண்டு. கேட்டகிரி 1 என்றால் கீழ்ப் பின் 22 மி.மீ., மேல் பின் 19. கேட்டகிரி 2 என்றால் 28, 25. உங்கள் டிராக்டர் ஒன்றும் கருவி இன்னொன்றுமாக இருக்க வாய்ப்பு அதிகம். டிராக்டரின் குண்டு பெரியது, கருவியின் பின் சிறியது என்றால் ஒரு புஷ் (இடைவெளியை அடைக்கும் குழாய் மாதிரி வளையம்) போட்டால் ஆட்டம் நிற்கும். மாறி இருந்தால் கருவியின் பின்னையே மாற்ற வேண்டும். குண்டின் ஓட்டையை மட்டும் தயவுசெய்து அராவிப் பெரிதாக்காதீர்கள்.