பணியிடம் போனது, வேலை இருக்கிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரிப்பன் மாளிகை வாசலில் நடந்த தூய்மைப் பணியாளர் போராட்டத்தை நீங்கள் 'ஆட்குறைப்பு' என்று எழுதியிருந்தீர்கள். யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லையே? வருகிற கம்பெனியே எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் என்றுதானே சொன்னார்கள்? வரி கட்டுகிறவனுக்குத் தெரு சுத்தமானால் போதாதா?

ரா., பெரம்பூர்

அன்புள்ள ரா.,

ஆள் போகவில்லை, உண்மை. போனது பணியிடம், அதாவது மாநகராட்சியின் கீழ் இருந்த அந்த வேலை. 2025 ஆகஸ்ட் 1 முதல் பதின்மூன்று நாள் அவர்கள் நடைபாதையில் உட்கார்ந்தது அதற்காகத்தான். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணியைத் தனியார் ஒப்பந்தத்துக்கு விட்டதும், மாதம் ஏறக்குறைய 23,000 ரூபாய் வாங்கியவருக்குச் சுமார் 17,000 என்றானது. அதே தெரு, அதே துடைப்பம். ஆறாயிரம் ரூபாய் குறைவதற்கு உங்கள் வீட்டில் என்ன பெயர் வைப்பீர்கள்?

கூலியைவிட எனக்கு உறுத்துவது பணிக்காலம். சென்னையில் 2000இல் குப்பை அள்ள ஓனிக்ஸ் என்ற தனியார் கம்பெனி வந்தது. (எங்கள் பக்கத்தில் அது போன பிறகும் குப்பை வண்டிக்கு அதுதான் பெயர்.) பிறகு நீல் மெட்டல், ராம்கி, உர்பேசர். கம்பெனி மாறும்போதெல்லாம் தொழிலாளியின் கணக்கு முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. இருபத்துநான்கு மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981லேயே சட்டம் வந்துவிட்டது. முதலாளி மாறிக்கொண்டே இருந்தால் 480ஐ யார் எண்ணுவது? யாரிடம் போய்க் கேட்பது?

இது சென்னையோடு நிற்கிற சங்கதியும் அல்ல. 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152, மற்ற 20 மாநகராட்சிகளின் பணியிடப் பட்டியலையே மாற்றி எழுதியது. ஓய்வு பெறுகிறவரின் நாற்காலியை அவரோடு சேர்த்தே வெளியே எடுத்துப் போடுகிற முறை அது. யாரும் அழுதுகொண்டு வெளியே போவதில்லை. அதனால்தான் உங்கள் கண்ணில் படவில்லை.

வரி பற்றிக் கேட்டீர்கள். ஒப்பந்தக்காரருக்குப் போவதும் உங்கள் வரிதான். அதில் அவருடைய லாபமும் அடக்கம். அந்த லாபம் எங்கிருந்து வர வேண்டும்? எனக்கு அந்த ஆறாயிரம்தான் நினைவுக்கு வருகிறது.

ஆகஸ்ட் 13 நள்ளிரவில் நீதிமன்ற உத்தரவைக் காட்டி அவர்களை அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் அமைச்சரவை கூடி இலவசக் காலை உணவு அறிவித்தது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கேட்டது வேறு.

உங்கள் பெரம்பூரும் திரு.வி.க. நகர் மண்டலத்தில்தான் வருகிறது. நாளைக் காலை உங்கள் தெருவைப் பெருக்குகிறவரிடம் எத்தனை வருடமாக இந்த வேலை என்று கேட்டுப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.