எஃப்2 தட்டியும் பயாஸ் திறக்கவில்லையா?

வாசகர் கேள்வி: விண்டோஸ் 11 இருக்கும் லேப்டாப்பில் பென்டிரைவிலிருந்து லினக்ஸ் போட வேண்டும். அதற்கு பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புத் திரை) பூட் ஆர்டரை, அதாவது கணினி எதிலிருந்து முதலில் கிளம்ப வேண்டும் என்ற வரிசையை, மாற்றச் சொல்கிறார்கள். ஆன் செய்ததும் எஃப்2-வைத் தட்டித் தட்டிப் பார்த்தேன், நேராக விண்டோஸ் வந்து நிற்கிறது. என்ன செய்வது?

உங்கள் மேல் தவறில்லை, விண்டோஸ் முந்திக்கொள்கிறது. ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி, இயங்குதளத்தின் மையப் பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணைகிறது. மறுபடி ஆன் செய்ததும் அதை எடுத்து விரித்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட்டில் இந்தக் குறுக்குவழி கிடையாது. அதனால் ரீஸ்டார்ட் கொடுத்து, திரை கறுத்த நொடியிலிருந்து விட்டு விட்டுத் தட்டுங்கள். ப்ளூடூத் கீபோர்டு என்றால் அந்த நேரத்தில் பெரும்பாலும் வேலை செய்யாது. லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டே நல்லது.

பயாஸைத் திறக்கும் கீ எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெல், ஏசர், ஏசூஸ் லேப்டாப்களில் பொதுவாக எஃப்2. எச்பியில் எஃப்10. லெனோவோ திங்க்பேடில் எஃப்1. டெஸ்க்டாப் மதர்போர்டுகளில் பெரும்பாலும் டெலீட். சிலவற்றில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

சரி, இந்தத் தட்டல் போட்டியே வேண்டாம் என்றால் விண்டோஸ் வழியாகவே உள்ளே போகலாம். நானாக இருந்தால் இதைத்தான் முதலில் செய்வேன். ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட்டை க்ளிக் செய்யுங்கள். நீலத் திரை ஒன்று வரும். அதில் டிரபிள்ஷூட், அப்புறம் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் (யூஇஎஃப்ஐ என்பது பயாஸின் புதிய வடிவம்). அதைத் தேர்ந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் பயாஸ் திரையிலேயே கொண்டுபோய் விடும். உள்ளே பூட் என்ற பகுதியில் யூஎஸ்பியை மேலே நகர்த்தி, சேமித்து வெளியேற வேண்டும். பல பயாஸ்களில் சேமிக்கும் கீ எஃப்10.

ஆனால் ஒரே ஒரு தடவை பென்டிரைவிலிருந்து கிளப்ப, வரிசையை மாற்றவே தேவையில்லை. அதே நீலத் திரையில் யூஸ் எ டிவைஸ் என்று ஒன்று இருந்தால் அதில் பென்டிரைவைக் காட்டினாலே போதும். இல்லையென்றால் பூட் மெனு: டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசூஸ் லேப்டாப்பில் எஸ்கேப். நான் ஒருமுறை வரிசையை மாற்றிவிட்டு மறந்தே போனேன். மாதங்கள் கழித்து ஏதோ ஒரு பென்டிரைவ் செருகியபடியே ஆன் செய்தால், இயங்குதளமே இல்லை என்கிறது கணினி. ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று நினைத்து ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பயாஸில் கைவைக்கும் முன் ஒன்றை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். விண்டோஸ் 11-இல் பிட்லாக்கர் என்ற டிஸ்க் குறியாக்கம் (டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் வசதி) நீங்கள் அறியாமலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். பூட் ஆர்டரையோ செக்யூர் பூட்டையோ (நம்பகமான மென்பொருளை மட்டும் கிளம்பவிடும் பாதுகாப்பு) மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க பிட்லாக்கர் மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்கூட்டியே பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகள் செக்யூர் பூட் இயங்கும்போதே கிளம்பும் என்பதால், அதை அவசரப்பட்டு அணைக்க வேண்டாம்.

பட்டியலில் பென்டிரைவே தெரியவில்லையா? லினக்ஸை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை வெறுமனே காப்பி செய்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் கிளம்பாது, ரூஃபஸ் போன்ற மென்பொருளால் எழுத வேண்டும். எழுதும்போது அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். பிறகு ஹப் எதுவும் இல்லாமல் நேராக லேப்டாப்பில் செருகிவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள்.