கொடைக்கானல் ஏரிக்கரைக் குடிலில் இரண்டு நாள் தங்கினால் அருகில் என்ன பார்க்கலாம், செய்யலாம்?

முதலில் ஏரியையே சுற்றுங்கள். 1863-இல் வெர் ஹென்றி லெவிஞ்ச் அணை கட்டி உருவாக்கிய ஏரி இது. கைகால் விரித்த நட்சத்திரம் போல வளைந்து கிடப்பதால் சுற்றுச்சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர் வருகிறது. காலை ஏழு மணிக்குள் கிளம்பினால் பனிமூட்டமும் பறவைச் சத்தமும் உங்களுக்கே. பத்து மணிக்கு மேல் வாடகை சைக்கிள், குதிரை, கார் என்று நெரிசல்தான். படகுக்குத் துடுப்புப் படகையே எடுங்கள். ஏரியின் ஒதுங்கிய மூலைகளுக்கு நிதானமாகப் போகலாம்.

கிழக்குக் கரையை ஒட்டி பிரையண்ட் பூங்கா. அங்கிருந்து கோக்கர்ஸ் வாக் நடக்கும் தூரம். 1872-இல் மலைச்சரிவின் விளிம்பில் போட்ட ஒரு கிலோமீட்டர் பாதை அது. முதுகுக்குப் பின்னால் தாழ்ந்த வெயிலும் எதிரே கீழே மேகமும் அமைந்தால், உங்கள் நிழல் வண்ண வளையத்தோடு மேகத்தில் விழும். எல்லா நாளும் வாய்க்காது. மேகம் ஏறுவது தெரிந்தால் காத்திருந்து பாருங்கள்.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து, வானம் தெளிந்திருந்தால், பழனி மலை தெரியும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கு மட்டும் 2030 வரை பொறுக்க வேண்டும். கடைசியாகப் பூத்தது 2018-இல்.

தூண் பாறைகளை முற்பகலிலேயே முடித்துவிடுங்கள், பிறகு மூடுபனி மறைத்துவிடும். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி தேவை. ஒரு நாளை அதற்கென்றே ஒதுக்கலாம், அவ்வளவு அழகு. வாகனத்தில் மலைக்கு வர இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) கட்டாயம், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை; பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுபோங்கள்.