குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை: சொந்தங்கள் என்ன செய்யலாம்?

கேள்வி: தென்காசிப் பக்கம் இருக்கிறோம். என் தம்பியின் 5 வயது மகனுக்கு ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய் என்று போன வாரம் சொல்லி, சென்னையில் சேர்த்திருக்கிறார்கள். தம்பியும் அவன் மனைவியும் அங்கேதான். 8 வயது மகள் எங்களோடு இருக்கிறாள். கையிலிருந்த பணத்தைக் கொடுத்தோம். ரத்தம் கொடுக்க நானும் என் வீட்டுக்காரரும் தயார். வேறென்ன செய்யலாம்?

பதில்: இது பெரும்பாலான குழந்தைகளுக்குக் குணமாகக்கூடிய நோய்தான். ஆனால் சிகிச்சை இரண்டு, இரண்டரை ஆண்டுக்குக் குறையாது. முதல் கட்டம் 4, 5 வாரம். அடுத்து சில மாதங்கள் கடுமையான மருந்துகள். அதன்பின் நெடுநாள் வீட்டிலிருந்தே மாத்திரை. முதல் வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருபது பேர் நிற்பார்கள். ஆறாம் மாதம் போன்கூட வராது. அதனால் பணமோ ஆளோ, இப்போதே மொத்தமாக இறக்கிவிடாமல் தவணை போடுங்கள். ஆட்டோ, சாப்பாடு, அறை வாடகை என்று காப்பீட்டில் வராத செலவு மாதாமாதம் வரும். மாதம் 3,000 ரூபாய் தவறாமல் போவது, ஒரே நாளில் கொடுக்கும் பெரிய தொகையைவிடக் கைகொடுக்கும்.

ரத்தம் கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். நம் வழக்கத்தில் சொந்தக்காரர்தான் முதலில் கை நீட்டுவார். இங்கே அது சிக்கல். நெருங்கிய ரத்த உறவின் வெள்ளணுக்களை, எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தையின் உடல் அந்நியம் என்று அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். அவை அவன் உடலையே தாக்கும். பின்னால் எலும்பு மஜ்ஜை மாற்றம் தேவைப்பட்டால் குடும்பத்தாரின் ரத்தம் ஏற்றியிருப்பது அதற்கும் இடைஞ்சல். நீங்கள் அத்தை, ஒதுங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரர் சொந்தத்தில் கட்டியவர் இல்லை என்றால் கொடுக்கலாம்.

பையனுக்கு அடிக்கடி தேவைப்படப்போவது தட்டணுக்கள் (பிளேட்லெட், ரத்தத்தை உறையவைப்பவை). எடுத்த 5 நாளுக்குமேல் அவை தாங்காது, ஆகவே பத்துப் பேரை ஒரே நாளில் அழைத்துப் போவது வீண். சென்னையில் இருக்கும் நண்பர்கள், உடன் வேலை செய்பவர்கள் என்று பத்துப் பெயர், ரத்த வகை, போன் எண் எழுதி வைத்துக்கொண்டு, கேட்கும்போது ஒவ்வொருவராக அனுப்புங்கள். இயந்திரம் மூலம் தட்டணு கொடுப்பவர் 18 வயது முடிந்து, 50 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். முந்தைய 3 நாள் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. போன் பேசி ஆள் பிடிக்கும் இந்த வேலையைத் தம்பி தலையிலிருந்து இறக்கிவிடுங்கள்.

இடையில் அவர்கள் ஊருக்கு வருவார்கள். அப்போது பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு. அக்குளில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்து 100.4 டிகிரி காட்டினால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. பாரசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதும் தப்பு. சூடு இறங்கும், உள்ளே கிருமி பெருகும். ஆசனவாய் வழியாக மருந்து வைப்பதோ வெப்பம் பார்ப்பதோ கூடவே கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும். பக்கத்து ஆஸ்பத்திரியில் இது தெரியாமல் ‘சாதாரணக் காய்ச்சல்’ என்று சிரப் எழுதுவதுண்டு. எனவே எந்த ஊசி, எந்த அளவு என்று சென்னை மருத்துவரிடம் கடிதமாக வாங்கி, நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நள்ளிரவு 2 மணிக்கு வண்டி உங்கள் பொறுப்பு.

அம்மையும் அப்படித்தான். வீட்டில் யாருக்காவது சின்னம்மை போட்டால் வேப்பிலை கட்டிவிட்டு வெளியே சொல்லாமல் இருப்பது நம் பழக்கம். கொப்புளம் தெரிவதற்கு 2 நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடும். கீமோ எடுக்கும் குழந்தைக்கு உயிராபத்து. பையனைப் பார்த்துவிட்டுப் போனவருக்குப் போட்டது தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் சொன்னால் தடுப்பு மருந்து உண்டு, தாமதித்தால் பயன் குறையும். மூத்தவள் பள்ளியிலும் ‘வகுப்பில் அம்மை வந்தால் உடனே சொல்லுங்கள்’ என்று டீச்சரிடம் சொல்லிவையுங்கள். அவளுக்கு அம்மைத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதற்குப் போலியோ சொட்டு மருந்துக்குப் பதில் ஊசி போட முடியுமா என்று கேளுங்கள். சொட்டு விட்டாகிவிட்டால் 4 முதல் 6 வாரம் பையனிடம் அண்டவிட வேண்டாம்.

சாப்பாடு: சூடாக, அப்போது செய்தது. வெட்டி வைத்த பழம், கடைச் சட்னி, பச்சைக் காய் வேண்டாம். ஸ்டீராய்டு கொடுக்கும் வாரங்களில் நடுராத்திரி எழுந்து இட்லி கேட்டு அடம்பிடிப்பான், கத்துவான். வளர்ப்புக் கோளாறு இல்லை, மருந்து செய்வது. நாட்டு மருந்துப் பொட்டலத்தோடு யாரும் வர வேண்டாம். கல்லீரலுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

அந்த 8 வயதுக்காரியிடம் இரண்டு விஷயம் நேராகச் சொல்லுங்கள்: இது தொற்றாது, தம்பியோடு சண்டை போட்டதால் வந்ததில்லை. கேட்காவிட்டாலும் மனதில் அதுதான் ஓடும். தினமும் ஒரே நேரத்தில் அம்மாவோடு வீடியோ கால். தம்பிக்கு முடி கொட்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

ஊரில் இருப்பதால் காகித வேலை உங்களுக்கு எளிது. முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்க நீங்கள் ஓடலாம். ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசியில் நோயாளிக்கு முழுச் சலுகை, உடன் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரி தரும் சான்றோடு முன்பதிவு கவுன்ட்டரில்தான் எடுக்க வேண்டும், தட்கலில் கிடையாது. சென்னையில் தங்க இடமில்லை என்றால் ஆஸ்பத்திரி சமூகப் பணியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளின் புற்றுநோய்க் குடும்பங்களுக்கு இலவச விடுதி நடத்தும் செயின்ட் ஜூட் போன்ற அமைப்புகளுக்கு அவர் வழியாகத்தான் போக முடியும்.

கடைசிக் கட்டத்தில் பையன் ஓடி விளையாடுவான், முடி வளர்ந்திருக்கும். ‘இன்னும் எதற்கு மாத்திரை’ என்று சொந்தத்தில் ஒருவர் கேட்பார். அங்கேதான் பல குடும்பங்கள் பாதியில் விடுகின்றன. இந்தக் கட்டத்து மருந்துகளில் மெர்காப்டோப்யூரின் தினமும். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே நாள். அதைத் தவறுதலாகத் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அவர்கள் வீட்டுக் காலண்டரில் அந்தக் கிழமையைச் சிவப்பில் வட்டமிடுங்கள். வாராவாரம் அன்று இரவு, ‘கொடுத்தாச்சா?’ என்று நீங்கள் ஒரு போன் போடுங்கள்.