எழுப்ப மனம் வராதா?

கேள்வி: நான்கு வருடமாக ஜிம்மில் எடைப் பயிற்சி செய்கிறேன். 60 கிலோ டெட்லிஃப்ட் எனக்குச் சாதாரணம். இப்போது கர்ப்பம், 11-வது வாரம். பயிற்சியைத் தொடரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் பாதி எடைக்கே மூச்சு வாங்குகிறது, பகலெல்லாம் அசதி. காலை நாலரைக்கு எழுந்து, சமையலை முடித்து, ஜிம்முக்குப் போய், அப்படியே வேலைக்குப் போகிறேன். கணவர் அசந்து தூங்குவார், எழுப்ப மனம் வராது. பழைய பலத்தை விடாமல் காப்பாற்ற என்ன செய்வது?

பதில்: பளுவைப் பற்றி இத்தனை வரி எழுதிவிட்டு, கணவரைப் பற்றி ஒரே வரி. என் கண் அங்கேயே நின்றுவிட்டது. தரையிலிருந்து 60 கிலோவைத் தூக்குகிறவருக்கு, தூங்குகிற மனுஷனைத் தட்டி எழுப்பத் தெம்பில்லையா?

அவர் மறுத்திருந்தால் அவரைத் திட்டியிருப்பேன். நீங்கள் கேட்கவே இல்லை. தனியாகச் சமாளிப்பதில் உங்களுக்கு உள்ளூர ஒரு பெருமை இருக்கிறதோ என்று சந்தேகப்படுகிறேன். நாளைக்குக் குழந்தை ராத்திரி மூன்று மணிக்கு அழும்போதும் மனம் வராதா? பிள்ளை இரண்டு பேருக்கும்தான். வயிற்றில் சுமக்க அவரால் முடியாது. அதனாலேயே மற்ற வேலைகளில் பெரும்பங்கு அவருடையது. அதை உதவி என்று மட்டும் சொல்லாதீர்கள், எனக்குக் கோபம் வரும். கடமை.

சரி, பலத்துக்கு வருகிறேன். அது எங்கும் போகவில்லை. முதல் மூன்று மாதம் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் ஏறும். தூக்கம் தூக்கமாக வருவதற்கும் மூச்சு வாங்குவதற்கும் அதற்குப் பங்குண்டு. ரத்தத்தின் அளவும் கூடத் தொடங்கிவிட்டது, கடைசி மாதங்களுக்குள் சுமார் 45 சதவீதம் ஏறும். அத்தனையையும் இதயம்தான் தள்ள வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு நான்காவது மாதத்தில் அசதி கொஞ்சம் விடும், கடைசியில் திரும்ப வரும்.

அதுவரை எடையைக் குறையுங்கள். பயிற்சியின் நடுவே பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் அது அதிகம். மூச்சை அடக்கித் தூக்குவதை விடுங்கள். நான்காவது மாதத்திலிருந்து மல்லாந்து படுத்துச் செய்வதையும் தவிருங்கள். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகச் சொல்வது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்புதான், நடையும் அதில் சேர்த்தி. உதிரப்போக்கு, தலைசுற்றல், நெஞ்சுவலி என்று ஏதாவது வந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்று சொன்னீர்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. பதில் எனக்குத் தெரியும். முடியாத நாளில் ஜிம்மை விட்டுவிட்டுத் தூங்குங்கள், நாலு நாளில் தசை கரைந்துவிடாது.

அப்புறம், ஹீமோகுளோபின் பார்த்தீர்களா? 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அதை டாக்டர் மருந்து கொடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். அடுத்த பரிசோதனைக்குக் கணவரையும் கூட்டிப்போங்கள், அந்த எண்ணை அவரே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். காலை நேரத்துப் பரிசோதனை என்றால் இன்னும் நல்லது. எழுப்பித்தானே ஆக வேண்டும்.