கண் ஏன் அந்தப் பையன் மேலேயே போகிறது?

கேள்வி: ஓசூரில் பாகலூர் ரோட்டுப் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். கம்பெனி வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன்கள் கடைக்குள் நுழைந்தால் என் கண் அவர்கள் கையையே பார்க்கிறது. இதுவரை ஒரு சோப்புகூட திருடு போனதில்லை. "ஏம்மா அவனை மட்டும் பாக்கற?" என்று மகள் கேட்டுவிட்டாள். நான் கெட்டவளா? — ஒரு வாசகி

பதில்: மளிகைக்கடை என்று படித்ததும் கல்லாவில் மீசை வைத்த ஓர் ஆளைத்தான் நான் மனதில் உட்கார வைத்தேன், 'ஏம்மா' வந்த பிறகுதான் அவரை எழுப்பி அனுப்பினேன். உங்களுக்குப் பதில் சொல்ல வந்தவனின் லட்சணம் இது.

நமக்கே தெரியாமல் மனது ஒருவரைப் பற்றி முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிற இதை மறைமுகச் சார்பு என்பார்கள். யாரையும் மனதார வெறுக்காதவரிடமும் இருக்கும். செகந்திராபாத்தில் பிறந்த உளவியலாளர் மாசரின் பானாஜியும் ஆண்டனி கிரீன்வால்டும் 1995-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். அப்புறம் இதை அளக்க ஒரு கணினித் தேர்வும் வந்தது. ஆனால் அதே ஆள் இன்னொரு நாள் எழுதினால் மதிப்பெண் மாறிவிடும், அதை வைத்து ஒருவர் நல்லவரா கெட்டவரா என்று முத்திரை குத்த முடியாது. அதனால் அந்தக் கேள்வியை விடுங்கள்.

ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் நம் நாட்டில் ஒரு சோதனை செய்து 2012-ல் வெளியிட்டார்கள். விடைத்தாள் முகப்பில் மாணவரின் சாதியை அவர்களாகவே மாற்றி மாற்றிப் போட்டு ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று எழுதிய தாளுக்குக் கொஞ்சம் மதிப்பெண் குறைந்தது, அதுவும் முதலில் திருத்திய தாள்களில்தான் அதிகம், அதாவது கை இன்னும் பழகாத நேரத்தில். உங்கள் கடையிலும் அப்படித்தான் இருக்கும். சாயங்காலம் ஷிப்ட் விட்டு ஒரே நேரத்தில் பத்துப் பேர் நிற்கும்போது யோசிக்க ஏது நேரம், கண் தானாக ஓடும்.

ஆனால் எனக்குக் கண்ணைவிடக் கடன் நோட்டு மேல்தான் சந்தேகம். எடுத்துப் புரட்டிப் பாருங்கள். பொங்கலுக்கு வாங்கியதை இன்னும் தராத 'நம்ம ஆள்' எத்தனை பேர்? சம்பளம் வந்த அன்றே ஜிபே போடுகிற பையனுக்கு ஒரு தடவையாவது "அப்புறம் குடுப்பா" என்று சொல்லியிருக்கிறீர்களா? ஒருவரை முறைப்பது மட்டும் சார்பு இல்லை, இன்னொருவருக்குக் கேட்காமலே சலுகை கொடுப்பதும் அதுதான், அது நம் கண்ணுக்கே படாது. (அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போன நம் பிள்ளைகளிடம் கேளுங்கள், வெளியூர்க்காரன் என்றால் என்ன என்று சொல்வார்கள்.)

செய்ய வேண்டியது எளிது. பையை வெளியே வைக்கச் சொல்வதானால் எல்லோரிடமும் சொல்லுங்கள், பக்கத்து வீட்டு அக்காவிடமும். கடனுக்கு ஒரே வரம்பு, ஒரே கெடு. கடுகெண்ணெய் எந்த பிராண்ட் வேண்டும் என்று அந்தப் பையனிடம் கேட்டு வாங்கி வையுங்கள், அப்படியே பெயரையும் கேளுங்கள்.

கணக்கு நோட்டை ஒரு வாரம் மகளிடம் கொடுத்துப் பாருங்கள். அவள் இன்னும் நிறையக் கேட்பாள்.