வாசகர் கேள்வி – பதில்: சிப் நிறுவனங்களின் போட்டி

இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் பரம வைரிகள் என்கிறார்கள். ஆனால் பழுதுபார்க்க வரும் இரண்டு வகைக் கணினிகளிலும் ஒரே பென் டிரைவிலிருந்து ஒரே விண்டோஸைத்தான் ஏற்றுகிறேன். அது எப்படி?
– கணினிக் கடைக்காரர், பாம்பன்

இரண்டு சிப்களும் ஒரே கட்டளைத் தொகுதிக்கு, அதாவது மென்பொருள் சிப்புக்கு இடும் அடிப்படைக் கட்டளைகளின் பட்டியலுக்கு, கட்டுப்பட்டவை என்பதே காரணம். 1981இல் ஐ.பி.எம். தன் தனிநபர் கணினிக்கு இன்டெல்லின் 8088 சிப்பைத் தேர்ந்தெடுத்தபோது, ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க விரும்பாமல், வேறொருவரும் அதைத் தயாரித்துத் தர வேண்டும் என்று வற்புறுத்தியது. அதனால்தான் 1982இல் இன்டெல் ஏ.எம்.டி.க்கு உரிமம் வழங்கியது. பிறகு 386 சிப்பைப் பகிர்ந்துகொள்ள இன்டெல் மறுக்கவே, வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது.

உண்மையான திருப்பம், ஒரே வீச்சில் 64 இலக்கத் தரவைக் கையாளும் 64 பிட் சிப்களின் காலத்தில் நேர்ந்தது. 2001இல் வெளிவந்த இன்டெல்லின் இட்டானியம், பழைய கட்டளைத் தொகுதியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வடிவமைக்கப்பட்டது. பழைய மென்பொருள்கள் அதில் மந்தமாகவே இயங்கின. ஏ.எம்.டி.யோ இருந்ததையே விரிவுபடுத்தி 2003இல் ஆப்டெரான் சிப்பை வெளியிட்டது. பழையவையும் அதில் வேகம் குன்றாமல் ஓடின. சந்தை அந்தப் பக்கம் சாயவே, மறு ஆண்டே இன்டெல்லும் ஏ.எம்.டி.யின் வழிக்கு வந்தது. உரிமம் கொடுத்தவரே, வாங்கியவரின் வடிவமைப்பை ஏற்க நேர்ந்தது. போட்டியாளர் ஒருவர் இல்லாதிருந்தால், மென்பொருள்களையெல்லாம் மாற்றும் செலவு நம் தலையில்தான் விழுந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இரண்டு நானோமீட்டர் சிப் வருகிறதாம். அதுவரை லேப்டாப் வாங்காமல் காத்திருக்கலாமா?
– கல்லூரி மாணவி, கீழக்கரை

காத்திருக்க வேண்டாம். 'இரண்டு நானோமீட்டர்' என்பது சிப் தயாரிப்புச் செய்முறையின் ஒரு தலைமுறைப் பெயரே தவிர, அந்தச் சிப்பில் எதையும் அளந்து சொன்ன அளவு அல்ல. 10 நானோமீட்டர் என்று தான் அழைத்துவந்த செய்முறையின் மேம்பட்ட வடிவத்துக்கு 2021இல் இன்டெல் 'இன்டெல் 7' என்று பெயர் மாற்றியதே இதற்குச் சான்று.

இன்றைய போட்டியின் களம் தொழிற்சாலை. 2009இல் தன் ஆலைகளைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்ட ஏ.எம்.டி., இப்போது தன் முன்னணிச் சிப்களைத் பிறருக்குச் சிப் தயாரித்துத் தரும் தைவான் நிறுவனமான டி.எஸ்.எம்.சி.யிடம் செய்துவாங்குகிறது. ஆப்பிளும் என்விடியாவும் அதே வாசலில்தான் நிற்கின்றன. 2024இல் இன்டெல்லேகூட தன் மடிக்கணினிச் சிப்பின் முக்கியப் பகுதியை அங்கே தயாரித்தது. இப்போது 18ஏ என்னும் சொந்தச் செய்முறையால் இழந்த இடத்தை மீட்கப் போராடுகிறது. இந்த நுண்ணிய வேலைக்கான அதிபுற ஊதாக்கதிர் இயந்திரத்தை உலகில் தயாரித்து விற்பது நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். மட்டுமே. அதனுள் உருகிய வெள்ளீயத் துளிகள் வினாடிக்கு ஏறத்தாழ 50,000 வீதம் லேசரால் தாக்கப்படுகின்றன. அப்போது பிறக்கும் 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியே சிப்பில் கோடுகளை வரைகிறது.

இத்தனை பாடுபட்டுக் கிடைக்கும் பலனில் வேகத்தைவிட மின்சிக்கனமே உங்களுக்கு முக்கியம். குறைந்த மின்சாரத்தில் வேலை செய்யும் சிப் குறைவாகவே சூடாகும். விசிறியும் குறைவாகச் சுழலும். கடற்கரை ஊரில் விசிறி உள்ளிழுப்பது உப்புக்காற்று. வெப்பத் தகடுகளில் அது படிந்து ஈரத்தை ஈர்க்கும். நாளடைவில் உலோக இணைப்புகளை அரிக்கும். ஆகவே கடையில் நானோமீட்டர் எத்தனை என்று கேட்பதைவிட, சிப் எத்தனை வாட் எடுக்கும், விசிறியே இல்லாத மாடல் இருக்கிறதா என்று கேளுங்கள். 2020இல் ஆப்பிளின் எம்1 சிப்புடன் வந்த மேக்புக் ஏரில் விசிறி கிடையாது.